புதுப்பிப்பு: விலையைக் கொடுத்தால் மீன் பெயர் வருகிறது

காசிமேட்டில் மீன் விற்கும் அத்தைக்காக எழுதும் பைத்தான் நிரலைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன்: டிக்‌ஷனரியில் மீன் பெயர் கீ (தேடும் சொல்), கிலோ விலை வேல்யூ (அதற்கான மதிப்பு); விலையைச் சொன்னால் மீன் பெயர் வர வேண்டும். இப்போது வருகிறது. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பலர் சொன்னது, கீயையும் வேல்யூவையும் ஒரே வரியில் மாற்றிப்போடுவது. விலைகள் வேறு வேறாக இருந்தால் அது போதும். ஆனால் சங்கராவும் பாறையும் அன்றைக்கு 400 ரூபாய் என்றால், ஒரு கீக்கு ஒரு வேல்யூதான் என்பதால் பின்னால் வரும் பாறை மட்டும் நிற்கும், சங்கரா காணாமல் போய்விடும். எரர்கூட வராது, அதுதான் ஆபத்து. அதனால் ஒவ்வொரு விலைக்கும் ஒரு லிஸ்ட் வைத்தேன். ஐட்டம்ஸ் மெத்தடில் ஜோடி ஜோடியாக எடுத்து, செட்-டிஃபால்ட்டுக்கு (கீ இல்லையென்றால் சேர்த்து, அதன் வேல்யூவைத் தரும் மெத்தட்) விலையையும் காலி லிஸ்ட்டையும் கொடுத்து, கிடைக்கும் லிஸ்ட்டில் மீனை அப்பெண்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) முடிந்தது. இல்லாத கீக்குத் தானே வேல்யூ போடும் டிக்‌ஷனரி வகையான டிஃபால்ட்-டிக்ட்டும் இதையே செய்யும். ஆனால் அதில் இல்லாத விலையைச் சதுர அடைப்புக்குறியில் தேடினாலே காலி லிஸ்ட் ஒன்று உள்ளே சேர்ந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. தேடுவதற்கு, எதையும் சேர்க்காத கெட் மெத்தட் போதும்.

அப்புறம் வரிசை. பைத்தான் 3.7 பதிப்பிலிருந்து டிக்‌ஷனரி சேர்த்த வரிசையிலேயே இருக்கும், அதனால் விலைப்படி சார்ட் செய்துவிட்டுச் சேர்த்தேன். மலிவான நெத்திலி முதலில், வஞ்சிரம் கடைசியில். அத்தைக்கு அப்படித்தான் பார்க்க வேண்டுமாம்.