மாசிக் குளிரில் ஸ்னோடிராப்: கோல்ஸ்போர்ன் தோட்டத்தில் ஒரு மதியம்

குளிர்காலம் முடியும் தறுவாயில் இங்கிலாந்தில் பூ பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், யோசிக்காமல் கோல்ஸ்போர்ன் பார்க் என்றுதான் சொல்வேன். குளோஸ்டர்ஷயரில், செல்டன்ஹாமுக்கும் சைரன்செஸ்டருக்கும் நடுவே இருக்கிறது. ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற தாவரவியலாளரின் பூர்வீக வீடு. 1874-ல் துருக்கியில், இன்றைய இஸ்மிர் அருகே மலைப்பகுதியில் அவர் பெரிய பூ விடும் ஸ்னோடிராப் ஒன்றைக் கண்டார்; குளிர்காலக் கடைசியில் பூக்கும் குட்டி வெள்ளைப் பூச்செடி அது. கலாந்தஸ் எல்வெசி என்று அவர் பெயரே அதற்கு வந்துவிட்டது.

காலையில் நாங்கள் போனபோது புல்லில் உறைபனி. பூக்களெல்லாம் தலை கவிழ்ந்து, வாய் மூடித் தொங்கின. மரத்தடி முழுக்க வெள்ளைதான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. அங்கே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், "மதியம் வரைக்கும் இருங்கள்" என்றார். வெயில் ஏறி சுமார் பத்து டிகிரியைத் தொட்டால்தான் வெளி இதழ் மூன்றும் விரியுமாம்.

இருந்தோம். ஏரிப்பக்கம் நடந்தோம். நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்களால் அந்த ஏரி விநோதமான நீலம். மரங்களின் வேரடியில் குட்டைச் சைக்லமன் இளஞ்சிவப்பாக, பக்கத்தில் ஏகோனைட் மஞ்சளாக.

ஒரு மணிவாக்கில் திரும்பி வந்தால், காலையில் பார்த்த இடமா இது! அத்தனை பூவும் விரிந்திருந்தது, தேன் வாசனை வேறு. அந்த வாசனை 'எஸ். அர்னாட்' என்ற வகையினுடையது. தேனீக்களும் வந்துவிட்டன. அந்த அம்மாள் பையிலிருந்து சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி எடுத்துப் பூவுக்கு அடியில் பிடித்தார். உள் இதழ்களில் பச்சைக் குறி! ஒன்றில் தலைகீழ் 'வி', இன்னொன்றில் இரண்டு புள்ளி, வேறொன்றில் இதழ் நிறையப் பச்சை. நூற்றுக்கணக்கான வகைகளைப் பிரித்துச் சொல்ல இந்தக் குறிதான் முக்கியமான அடையாளம். நின்றபடி போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எனக்கு அதுதான் ஆதங்கம்.

நம் ஊரில் மழை பெய்ததும் முளைத்துப் பூக்குமே மழை லில்லி, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். அதற்கு மழை தட்டி எழுப்ப வேண்டும், இதற்குக் குளிர். கோடையெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிவிட்டு, மேலே மரங்கள் இலை விட்டு வெளிச்சத்தை மறைப்பதற்குள் பூத்து, விதைத்து, அடங்கிவிடுகிறது.

வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் காய்ந்த கிழங்கு வாங்காதீர்கள். பல சமயம் முளைக்காது. பூ முடிந்தும் இலை பச்சையாக இருக்கும்போது பெயர்த்துத் தருவார்கள், அதை உடனே நட வேண்டும். கிழங்கு நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

பூக்காலத்தில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் தோட்டம் திறந்திருக்கும், தேதி பார்த்துக்கொண்டு போங்கள். பாதையெல்லாம் சேறு, பூட்ஸ் கட்டாயம். கைப்பையில் ஒரு கண்ணாடி.