லெஸ் கிரஹாம், 1949: சாம்பியன்தானா, புள்ளி விதி தூக்கிக் கொடுத்த பட்டமா?

பழைய பிஸ்டன்:
மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல் 500 சிசி உலகப் பட்டமே கணக்கு வித்தைதான். ஏஜெஎஸ் என்ற பிரிட்டிஷ் வண்டி ஓட்டிய கிரஹாம் 30 புள்ளி, கிலேரா என்ற இத்தாலிய வண்டி ஓட்டிய நெல்லோ பகானி 29. ஆறு பந்தயங்களில் சிறந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் விதி. எல்லாவற்றையும் கூட்டினால் பகானிக்கு 40! கிரஹாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானி, டிஎஃப்சி என்ற வீரப் பதக்கம் வாங்கியவர் என்றதும் எல்லாரும் உருகிவிடுகிறீர்கள்.

வால்வு வாசு:
விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சார். கிரஹாம் சுவிட்சர்லாந்தின் பெர்னிலும் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பந்தயத்திலும் ஜெயிச்சார், நெதர்லாந்தின் அசெனில் ரெண்டாவது. வெற்றிக்கு 10, ரெண்டாம் இடத்துக்கு 8, அதிவேகச் சுற்றுக்கு 1. கூட்டிப் பாருங்க. மான் தீவின் சாலைப் பந்தயம்தான் டிடி; அதில் 500 சிசிக்கான சீனியர் டிடியில் கடைசிச் சுற்றிலும் அவர்தான் முன்னால். கோட்டுக்கு ரெண்டு மைல் இருக்கும்போது ஹில்பெரி பக்கம், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவின் தண்டு முறிஞ்சது. தள்ளிக்கிட்டே வந்து பத்தாவது. அந்த 10 புள்ளி கிடைச்சிருந்தா இந்த விவாதமே வந்திருக்காது.

பழைய பிஸ்டன்:
மேக்னெட்டோவும் வண்டியில் ஒரு பாகம்தான். பகானி ஓட்டிய ஐந்து பந்தயத்தையும் முடித்து, ஐந்திலும் புள்ளி எடுத்தார்.

வால்வு வாசு:
அந்த ஐந்தில் டிடி இல்லையே! கிலேரா அந்த வருஷம் தீவுக்கே போகலை. 60 கிலோமீட்டர் சுற்று, ஏழு தடவை. அங்கே போகாதவரை நம்பகத்துக்கு உதாரணம் காட்டாதீங்க.

கிக்கர்:
வண்டியைச் சேர்த்துப் பேசுங்கள். கிரஹாம் ஓட்டிய ஏஜெஎஸ் போர்க்குபைன், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கென்று வரைந்த 497 சிசி இரட்டை சிலிண்டர். சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். ஹெட்டுக்கு நேர்க்காற்று, கியர்பாக்ஸ் மேலே சூப்பர்சார்ஜருக்கு இடம். 1946இல் சூப்பர்சார்ஜருக்குத் தடை வந்தது. அழுத்தித் தள்ளுகிற காற்றை நம்பிச் செய்த எஞ்சின், தானே உறிஞ்ச வேண்டியதாயிற்று. கம்ப்ரெஷனை ஏற்ற வேண்டும், கார்புரேட்டர் தொல்லையும் தீரவே இல்லை. 1952இல் சிலிண்டரை 45 டிகிரிக்கு நிமிர்த்தி மறுபடி வரைந்தார்கள். எதிரில் நாலு சிலிண்டர் கிலேரா. அந்த வண்டியில் இரண்டு வெற்றி என்றால் ஓட்டியவர் கைதான்.

தார்ச்சாலை:
அதைத்தான் சொல்கிறேன், போர் கொடுத்த நெஞ்சுரம். ஜெர்மனி மேல் இரவில் பறந்தவருக்கு ஒரு வளைவு எம்மாத்திரம்?

கிக்கர்:
போருக்கு முன்பே ஓகே சுப்ரீம், வெலோசெட் வண்டிகளில் பந்தயம் ஓட்டியவர் அவர். போர் எடுத்துக்கொண்டது அவருடைய நல்ல ஆறு வருடங்களை. 1911இல் பிறந்தவர், பட்டம் வாங்கும்போது 38ஐ நெருங்கிவிட்டார். பயமில்லாதவர் என்பதைவிட வண்டியைத் திருத்தத் தெரிந்தவர் என்பதே பொருந்தும். 1951இல் இத்தாலியின் எம்வி அகஸ்டா அணிக்குப் போனபோது அவர்களுடைய 500 சிசி வண்டியில் ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்குப் பதில் ஒரு தண்டுதான் பின்சக்கரத்தைச் சுழற்றும். த்ராட்டிலைத் திறந்து மூடும்போதெல்லாம் பின்பக்கம் எழும்பித் தாழும். பாதைக்கு ஏற்ப கியர் விகிதம் மாற்றுவதும் பெரிய வேலை. செயின் வந்ததும் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் போதும். 1952இல் மோன்சாவிலும் பார்சிலோனாவிலும் ஜெயித்து, பட்டப் போட்டியில் கிலேரா வீரர் மசெட்டிக்கு அடுத்த இடம்.

பழைய பிஸ்டன்:
திருத்தத் தெரிந்தவர் முன்சக்கரத்துக்கு எர்ல்ஸ் ஃபோர்க் என்ற சஸ்பென்ஷனை ஏன் மாட்டினார்? 1953 டிடியில் 125 சிசி பந்தயத்தில் ஜெயித்த கையோடு சீனியரில் இரண்டாம் சுற்றில், பிரே ஹில் என்ற இறக்கத்தின் அடியில் விபத்தில் இறந்துபோனார். வயது 41.

வால்வு வாசு:
விபத்துக்கு ஃபோர்க்தான் காரணம்னு யாரும் நிரூபிக்கலை சார். பிரேக் பிடிச்சா முன்பக்கம் அமுங்காது, அதுக்காகத்தான் அது.

கிக்கர்:
நிரூபிக்கவில்லை, சரி. ஆனால் லீடிங் லிங்க், அதாவது சக்கரத்துக்குப் பின்னால் கீல் வைத்து முன்னோக்கி நீளும் கைகள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு என்பதால் சக்கரத்துக்குப் பின்னால் கூடுதல் எடை ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. பிரே ஹில் அடியில் முழு வேகத்தில் சஸ்பென்ஷன் மொத்தமும் அமுங்கும். அந்த இடத்தில் எடை கூடிய ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். காரணம் அதுவாக இருக்கலாம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

பழைய பிஸ்டன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1949 பட்டம் பகானிக்குத்தான் போயிருக்க வேண்டும், என் கருத்தில் மாற்றமில்லை.