அப்பாவுக்கு இதயம் பெரிதாகியிருக்கிறது, எங்களுக்கும் ஜீன் டெஸ்ட் வேண்டுமா?

வைகைக்கரை
அப்பாவுக்கு 54 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது என்று எக்கோ எடுத்தோம், ஈஎஃப் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 28 சதவீதம். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, குடி, சிகரெட், சர்க்கரை எதுவும் கிடையாது. டைலேட்டட் கார்டியோமயோபதி, அதாவது இதயம் பெரிதாகித் தசை தளரும் நோய் என்கிறார் டாக்டர். சித்தப்பா 41 வயதில் தூக்கத்திலேயே போனவர் என்று சொன்னதும் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு 29, தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனால் அம்மா இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் மாமா வாட்ஸ்அப்பில் "நம் ஆட்களில் 100க்கு 4 பேருக்கு இதயத்தைக் கெடுக்கும் ஜீன் இருக்கிறது" என்று அனுப்பியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் நானும் தங்கையும் பார்த்துக்கொண்டால் போதாதா?

லேப்கோட்
போதாது தம்பி. முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டியது அப்பாவுக்கு, உங்களுக்கு அல்ல. அவரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரியாமல் உங்களுக்கு எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. அவரிடம் தெளிவாக ஒன்று கிடைத்தால், அதை மட்டும் உங்கள் இருவரிடமும் தேடலாம், செலவும் குறைவு. இந்த வகை பெரும்பாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைகளுக்கு வரும்.

அந்த 4 சதவீதக் கதை பொய்யில்லை, ஆனால் பாதிதான். எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட மாற்றம் அது. தண்டபாணி, தங்கராஜ் முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்றும், இதயத் தசை நோய் வரும் வாய்ப்பை நன்றாகவே கூட்டுகிறது என்றும் சொன்னது. அப்புறம் 2020இல் தசை தடிக்கும் நோயை வைத்து மறுபடி பார்த்தபோது, ஆபத்தின் பெரும்பங்கு அதே ஜீனில் சிலரிடம் மட்டும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறொரு அரிய மாற்றத்தினால் என்று தெரிந்தது. அதாவது 25 எழுத்து இல்லாதவர்களில் பெரும்பாலோர் அதனாலேயே நோயாளி ஆகிவிடுவதில்லை. வாட்ஸ்அப்பில் இந்தப் பின்பாதி மட்டும் ஏன் வருவதேயில்லை என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு இருப்பது போன்ற நோயில் அதிகம் சிக்குவது டைட்டின் என்ற ஜீன்தான். இதயத் தசைக்குள் ஸ்ப்ரிங் மாதிரி இருக்கும் பெரிய புரதம், அது பாதியில் அறுந்தால் தசை தளரும்.

வைகைக்கரை
நன்றி அண்ணா. ஜீன் தெரிந்தால் மருந்து மாறுமா? மாறாது என்றால் எதற்குச் செலவு?

லேப்கோட்
மாத்திரைகள் ஏறக்குறைய அதேதான். ஆனால் லேமின் ஜீனில் கோளாறு என்று வந்தால் கதை வேறு, அதில் ஈஎஃப் அவ்வளவாகக் குறையும் முன்பே துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் வரலாம், அதனால் நெஞ்சில் ஐசிடி (தாறுமாறான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைக்கும் முடிவை முன்கூட்டியே எடுப்பார்கள். சித்தப்பா விஷயத்தைக் கேட்டதும் உங்கள் டாக்டர் டெஸ்ட் சொன்னது இதனால்தான் இருக்கும்.

இன்னொன்று, ஈஎஃப் ஏறி நன்றாகிவிட்டது என்று யாரும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். லண்டனில் இப்படித் தேறியவர்களை வைத்து மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள், 6 மாதத்துக்குள் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது. அப்புறம் மாவாகாம்டென் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது தசை தடித்து ரத்தம் வெளியேறும் பாதை அடைபடும் நோய்க்கு, இதயம் சுருங்கும் வலுவைக் குறைக்கும் மருந்து. அப்பாவுக்கு அது நேர் எதிர்.

நெல்லைக்காரி
தம்பி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்காக மறைப்பது எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் பிரசவத்தையொட்டி இதயம் தளரும் பெண்களைப் பரிசோதித்தபோது ஏழில் ஒருத்திக்கு இதே மாதிரி மரபணு மாற்றங்கள் இருந்தன, அதில் பெரும்பாலும் டைட்டின்தான். கர்ப்பத்துக்கு முன்னாலேயே தெரிந்தால் எக்கோ பார்த்துக்கொண்டே போகலாம், எட்டாம் மாத மூச்சிரைப்பை "எல்லோருக்கும் வருவதுதான்" என்று விட்டுவிட மாட்டார்கள். ஜீன் ரிப்போர்ட்டை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. எக்கோவையும் ஈசிஜியையும் மட்டும் இப்போதே இரண்டு பேரும் எடுத்துவிடுங்கள், அதற்கு ஜீன் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் பயம் இருந்தால்: இதயத் தசை தடித்த ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வது தவறு என்றது. மரபணு நோய் என்ற விலக்கைக் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் அதே வருடம் சுற்றறிக்கை விட்டது. படிவத்தில் கேட்பதற்குப் பொய் மட்டும் எழுதாதீர்கள்.

வைகைக்கரை
அக்கா, அம்மாவிடம் எக்கோவுக்குச் சம்மதம் வாங்கியாயிற்று, வியாழக்கிழமை போகிறோம். நார்மல் என்று வந்தால் விட்டுவிடலாமா?

லேப்கோட்
விடக்கூடாது. நோய் 40, 50 வயதிலும் தலைகாட்டும், சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவரிடம் கிடைத்த மாற்றம் உங்களிடம் இல்லை என்று உறுதியானால்தான் நிறுத்தலாம். சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். அவருடைய பழைய ஈசிஜி ஏதாவது பீரோவில் கிடந்தால் வியாழக்கிழமை அதையும் எடுத்துப் போங்கள்.