நிரப்பி வேண்டாம், நிரப்பு புரதம் போதும்

அன்புள்ள ஐயா,

நுண்குழல்கள் அடைபடும் complement-mediated thrombotic microangiopathy என்ற நோய்க்குத் தமிழ்ப் பெயராக ‘நிரப்பிவழி நுண்குருதிக்குழல் உறைதல் கோளாறு’ என்ற தங்கள் பரிந்துரையை வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் நாக்கு தடுக்கியது.

முடிவிலிருந்தே வருகிறேன். ‘உறைதல் கோளாறு’ என்றதும் தமிழ் வாசகருக்கு ஹீமோஃபிலியாதான் நினைவுக்கு வரும். குருதி உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் போவது. இங்கே நடப்பதோ வேறு. சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளின் சிறுதமனிகளிலும் தந்துகிகளிலும் தட்டணுக்கள் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. இப்படித் திரள்வதிலேயே செலவாகிவிடுவதால் குருதியில் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. ஆனால் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் சோதனைகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உறைதல் சோதனையில் தேறிவிடும் நோய்க்கு ‘உறைதல் கோளாறு’ என்று பெயர் வைத்தால் மருத்துவ மாணவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆகவே ‘உறைதல்’ இயல்பான நிகழ்வுக்கே இருக்கட்டும். குழலுக்குள் வேண்டாத இடத்தில் திரள்வதை ‘உறைகட்டி’ என்போம். வெறும் ‘கட்டி’ என்றால் சீழ்க்கட்டி, புற்றுக்கட்டி எல்லாம் வந்து வரிசையில் நிற்கும். இந்த நோய்க்குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் 1952இல் நோயியலாளர் சிம்மர்ஸ் கையாண்ட thrombotic microangiopathy என்ற பெயருக்கும் ‘நுண்குழல் உறைகட்டி நோய்’ சரியாகப் பொருந்துகிறது.

இனி ‘நிரப்பி’, அதாவது complement என்ற நோயெதிர்ப்புப் புரதக் குழுவுக்குத் தாங்கள் தந்த சொல். பொருளளவில் குறை சொல்ல முடியாது. குருதியின் தெளிநீரான சீரத்தை 56 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கினால் அது பாக்டீரியாக்களைச் சிதைக்கும் திறனை இழக்கிறது. சூடாக்காத புதுச் சீரம் சிறிது சேர்த்தால் திறன் மீள்கிறது. நோயெதிர்ப்பு ஆய்வாளர் போர்டே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டது இது. வெப்பத்தைத் தாங்கும் எதிர்ப்பொருளின் வேலையை ஏதோ ஒன்று நிறைவு செய்கிறது என்ற கருத்தில்தான் அவர் காலத்து ஆய்வாளர் எர்லிக் complement என்ற பெயரைச் சூட்டினார். சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் ‘நிரப்பி’ ஒரு வினையெச்சமும்கூட. ‘நிரப்பி நுண்குழலை அடைத்தது’ என்று எழுதிப் பாருங்கள்: உறைகட்டிதான் குழலை நிரப்பிவிட்டது என்று வாசகர் படிப்பார். வேறு நோயாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குழல் அடைபடும் நோயிலேயே இந்தக் குழப்பம் என்றால் எப்படி? பள்ளிப் பாடநூலில் ‘நிரப்பு கோணம்’ ஏற்கெனவே பழகிய சொல். அதே அச்சில் ‘நிரப்பு புரதம்’. வினைத்தொகை, ஒற்று மிகாது.

முந்தைய மடலில் ஒரு நண்பர் ‘தாக்குப் புரதம்’ என்றார். கவர்ச்சியான சொல்தான், ஆனால் சவ்வில் துளையிட்டுத் தாக்குவது இந்த அமைப்பின் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன்னால் சி3 என்ற நிரப்பு புரதம் பிளந்து அயல்செல்லின் மேல் அடையாளம் ஒட்டுகிறது, அழற்சி அணுக்களை அழைக்கிறது. இந்த அமைப்பு கிளர்வுறும் மூன்று தடங்களில் ஒன்றான மாற்றுத் தடத்தில் எதிர்ப்பொருளின் தூண்டுதல்கூடத் தேவையில்லை. சி3 எந்நேரமும் சிறிதளவு தானாகவே கிளர்வுற்றபடி இருக்கிறது. நம் செல்களின் மேல் அது மிஞ்சிவிடாமல் காரணி எச், காரணி ஐ போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் கடிவாளம் பிடிக்கின்றன. மரபணுப் பிழையாலோ, காரணி எச்சுக்கு எதிராகவே உடலில் எதிர்ப்பொருள் உருவாவதாலோ கடிவாளம் நழுவினால், சொந்தக் குழலின் உட்சுவரே இலக்காகிறது. புண்பட்ட சுவரில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. மிச்சம் மேலே சொன்னதுதான்.

இந்த வகைக்கு வழங்கும் atypical hemolytic uremic syndrome என்ற பழைய பெயரை ‘இயல்பிலா’ என்று தொடங்கி மொழிபெயர்ப்பதையும் நான் எதிர்க்கிறேன். ஈ. கோலை பாக்டீரியாவின் நச்சால் வருவதை இயல்பானது என்று கொண்டதால் வந்த வினை அது. நோய் எதுவல்ல என்று மட்டும் சொல்லும் பெயர் யாருக்குப் பயன்படும்? காரணம் பெயரிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் மருத்துவமே அதைப் பொறுத்து மாறுகிறது. தட்டணுக்கள் வீணாகத் திரளாமல் காக்கும் அடாம்ட்ஸ்-13 நொதி வற்றியவருக்குப் பிளாஸ்மா மாற்று. நிரப்பு புரதம் கட்டுமீறியவருக்குச் சி5 என்ற நிரப்பு புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் மருந்து.

இன்னொரு சொல்லும் பாக்கி: schistocyte. அடைபட்ட குழலில் நெருக்கிப் பிதுங்கிச் செல்லும் சிவப்பணு கிழிந்துபோகிறது. கண்ணாடிச் சில்லில் குருதியைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வட்டமான அணுக்களுக்கு நடுவே முக்கோணமாகவும் பிறையாகவும், சில இரண்டு கொம்புகளோடும் கிடக்கும். அகராதியைப் பார்த்துப் ‘பிளவணு’ என்றால் செல் பிளந்து பெருகுவதாக நினைத்துக்கொள்வார்கள். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, பெருகுவதெங்கே? ‘கிழியணு’ என்கிறேன்.

ஓர் அறிக்கையில் வைத்துப் பார்க்கலாம்: “குருதிப் படலத்தில் கிழியணுக்கள் உள்ளன. தட்டணுக்கள் குறைவு. அடாம்ட்ஸ்-13 செயல்பாடு இயல்பு. நிரப்பு புரதவழி நுண்குழல் உறைகட்டி நோயாக இருக்கலாம்.” எனக்குத் தடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. mediated என்பதற்கான தங்கள் ‘வழி’யை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் நிரப்பு புரதம் கிளர்வுறும் செவ்வியல், லெக்டின், மாற்று என்னும் மூன்று pathwayகளையும் ‘வழி’ என்றே முன்பு எழுதிவந்திருக்கிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மோதும். அந்த மூன்றையும் ‘தடம்’ என்று மாற்றிக்கொள்ளத் தங்களுக்குச் சம்மதமா?