"நாலு மணிக்கு எழும்பினோம், எங்களுக்கு என்ன வந்தது?"

கொழுந்துக்கூடை:
இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு பெரியவரின் குரல்பதிவு வந்தது. "இப்ப உள்ள பிள்ளைகளுக்கு மன அழுத்தமாம். நாங்க 13 வயசுல நாலு மணிக்கு எழும்பி, பொதுப் பீலிக் குழாயில தண்ணி எடுத்து, ரொட்டி சுட்டு வச்சிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். எங்களுக்கு என்ன வந்தது?" அதற்கு வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

லிந்துலைப் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு கணிதப் பரீட்சை வைத்தேன். ஒரு பிள்ளையின் தாள் மூன்றாவது கணக்கோடு நின்றுவிட்டது. ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில்: மா 2 கிலோ, கருவாடு, தம்பிக்குச் சதுரக் கொப்பி, அப்பாவுக்கு மருந்து, லைட் பில். விலை போட்டுக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். காசு போதவில்லை போல, கருவாட்டைக் கோடு போட்டு வெட்டியிருந்தாள். அந்தக் கூட்டல் சரியாக இருந்தது. அம்மா குவைத்துக்குப் போய் இரண்டு வருடம். இப்போது பிள்ளைக்குத் தூக்கம் இல்லை, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திடுக்கிடுகிறாள். இவளிடம் போய் "எங்களுக்கு என்ன வந்தது" என்று கேட்பதா?

பழைய கணக்கப்பிள்ளை:
அந்தக் குரல் என்னுடையதுதான். ஒளிந்து பேசுகிற ஆள் இல்லை நான். நாலு மணிக்கு எழும்பினேன் என்றால் எழும்பினேன். 1974 பஞ்சத்தைப் பார்த்தவன். மூன்று தம்பி தங்கச்சிகளைத் தோளில் போட்டு வளர்த்தேன். எந்த டாக்டரிடமும் போய் அழவில்லை. இப்போது போனைப் பிடுங்கினாலே பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறது. அதற்கு ஒரு வருத்தத்தின் பெயர் வைத்து ஆளையே அங்கொடை கேஸ், பைத்திய ஆஸ்பத்திரி கேஸ் ஆக்குகிறீர்கள்.

பதுளைக்காரன்:
ஐயா, 74 பஞ்சம் என்கிறீர்கள், ரொட்டி சுட்டேன் என்கிறீர்கள். 74இல் தோட்டத்தில் மா எங்கே இருந்தது? எங்கள் பாட்டி மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் கீரையை அவித்துத் தின்ற கதையைத்தான் சொல்வார். அப்புறம் அந்த நாலு மணி. வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பே ஐந்து மணிக்குத்தான் அடிக்குமாம். நாலு மணிக்கு நீங்கள் யாருக்கு ரொட்டி சுட்டீர்கள்?

பழைய கணக்கப்பிள்ளை:
பீலிக்கு எத்தனை லயத்து வரிசை வீடுகளில் இருந்து ஆட்கள் வருவார்கள் தெரியுமா? ஐந்து மணிக்குப் போனால் வாளி வைக்க இடம் கிடைக்காது. அதனால்தான் நாலு மணி. பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் மா இருந்தது, ரொட்டி இருந்தது. பதுளையில் இருந்துகொண்டு டிக்கோயாத் தோட்டத்துப் பீலியைப் பற்றிப் பேசாதீர்கள்.

கொழுந்துக்கூடை:
நாலு மணியா ஐந்து மணியா என்பதா இங்கே பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்கிறார் என்கிறது. பெரியவர்களுக்கு வருகிற மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டுமாம். 14 வயது என்றால் நம் லயத்தில் "பெரிய பிள்ளை". சடங்கு சுற்றிய மறுவாரமே ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே, அடுப்பைப் பார் என்கிறோம். நேற்றுவரை முற்றத்தில் பந்து பிடித்தவளுக்கு ஒரு இரவில் என்ன வளர்ந்துவிடும்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று 2013இல் விதி வந்தது. 2022இல் அதையும் இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அதற்குமேல் பிள்ளை தானே வளர்ந்துகொள்ளும் என்கிற நினைப்புதான். தானாக யாரும் வளரவில்லை. மூத்த பெண்பிள்ளைதான் வளர்க்கிறாள்.

தலவாக்கலை தம்பி:
அக்கா, தாய் ஏன் போகிறார் என்று எழுதுங்கள். தோட்டத்து ஒரு நாள் சம்பளத்தை 1000 ரூபா ஆக்க 2021 வரை இழுத்தார்கள். 1350 ஆக 2024. அதில் நாலு வயிறு எப்படி நிறையும்? நான் 15 வயதில் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கப் போனேன். ராத்திரி கடைக்குள்ளேயே அட்டையை விரித்துப் படுப்பேன். அந்தக் காசில்தான் தங்கச்சி உயர்தரம் எழுதினாள், வீட்டுக்குத் தகரம் மாறியது. அதை நோய் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தரம் 10 டீச்சர்:
தம்பி, உங்கள் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் 2016இலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. 2021இல் வேலைக்கான வயதையும் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அந்தக் கடை முதலாளி இன்று அப்படிச் செய்தால் அது குற்றம்.

தலவாக்கலை தம்பி:
சட்டம் பேச வந்துவிட்டீர்கள். என்னைக் கடைசி வாங்கில் இருத்தி, "உனக்கு மம்பட்டிதான் சரி" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னதும் உங்களைப் போல ஒரு டீச்சர்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமை பாதி, அந்த வார்த்தை பாதி.

தரம் 10 டீச்சர்:
யாரோ சொன்னதற்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள்? 22 வருடமாக இரண்டு பஸ் மாறிப் போய்ப் படிப்பிக்கிறேன். பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் லயத்துக்கே போய்ப் பார்க்கிறவள் நான். இன்னொன்று, மேலே ஐயா "அங்கொடை கேஸ்" என்றாரே, அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. 1926க்கு எடுத்துப் பேசு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன். "டீச்சர், எனக்குப் பைத்தியமா?" என்று கேட்டாள். மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, அழைத்தால் பேசுவார்கள், அவ்வளவுதான் என்று புரியவைக்க எனக்கு ஒரு பாடவேளை போனது.

பதுளைக்காரன்:
ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. டிக்கோயாப் பக்கம் சிறுத்தை நடமாடும். நாலு மணி இருட்டில் 13 வயதுப் பிள்ளையைத் தனியாகப் பீலிக்கு யார் அனுப்பினார்கள்?

பழைய கணக்கப்பிள்ளை:
தீப்பந்தம் கொண்டு போனோம். சிறுத்தைக்கே பயப்படாதவன் பதுளைக்காரனுக்குப் பயப்படுவேனா? நாலு மணிதான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

கொழுந்துக்கூடை:
நான் ஒன்று சொல்கிறேன். இதுவரை எங்கும் சொன்னதில்லை.

எனக்கு 13 வயதில் அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போனார். ஹட்டன் பஸ் நிலையத்தில் அப்பாயி என் கையில் தம்பியின் கையைப் பிடித்துக் கொடுத்து, "இனி நீதான் இவனுக்கு அம்மா" என்றார். அன்றைக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பொறுப்பான பிள்ளை, தங்கமான பிள்ளை. வேலை எனக்குப் பாரமாக இருக்கவில்லை. விறகு பொறுக்கினேன், சமைத்தேன், துவைத்தேன். ஆனால் காய்ச்சல் வந்தாலும் தம்பிக்குத் தெரியாமல் படுக்க வேண்டும். அவன் பயந்துவிடுவான். பயப்பட வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது.

நாலு வருடம் கழித்து அம்மா வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கிளாஸைப் பார்த்துவிட்டு அழுதார். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கிளாஸில் கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் வரவில்லை.

வேலை செய்ததை நான் நோய் என்று சொல்லவில்லை, தம்பி. சாய்ந்துகொள்ள மேலே ஒரு ஆள் இல்லாததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை தம்பி:
உங்கள் கதை மனதைத் தொடுகிறது அக்கா. ஆனால் ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அட்டையில் படுத்தவனுக்கும் மேலே யாரும் இருக்கவில்லை.

தரம் 10 டீச்சர்:
அதைத்தானே தம்பி அவரும் சொல்கிறார்.

தலவாக்கலை தம்பி:
டீச்சரிடம் நான் பேசவில்லை.

பழைய கணக்கப்பிள்ளை:
பிள்ளையின் கஷ்டம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதற்காக என்னைப் பொய்யன் ஆக்கலாமா? முதலில் நாலு மணி பொய் என்றார்கள், பிறகு ரொட்டி பொய் என்றார்கள். அதைத் திருப்பி வாங்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கொழுந்துக்கூடை:
ஐயா, நான் உங்களைப் பொய்யன் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாளியோடு திரும்பி வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்?

பழைய கணக்கப்பிள்ளை:
அம்மா இருந்தார். வேறு யார்? நாலு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பியதே அம்மாதான். குளிருக்குத் தன் கம்பளியை என் தலையில் போட்டுத்தான் வெளியே அனுப்புவார்.

கொழுந்துக்கூடை:
அதைத்தான் ஐயா நான் விடியற்காலையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
எதை? நாலு மணி என்று ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?

பதுளைக்காரன்:
ஐந்து மணி.