புதுப்பிப்பு: துணையின்றித் தனியாக ஸ்கூபா விடுமுறைக்குச் சென்று வந்தேன்

தனியாகப் பயணம் செய்பவர் ஸ்கூபா (காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் நீந்துதல்) விடுமுறையை எப்படித் திட்டமிடுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி; பயணம் நல்லபடியாக முடிந்தது.

மிகவும் கைகொடுத்தது, முன்பணம் கட்டுவதற்கு முன்பே டைவ் மையத்துக்கு எழுதிக் கேளுங்கள் என்ற யோசனைதான். என் சான்றிதழ் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை, அதாவது 18 மீட்டர் ஆழம் வரை என்பதையும், கடைசியாக எப்போது நீரில் இறங்கினேன் என்பதையும் தெரிவித்து, தனியாக வருபவர்களை யாருடன் இணைப்பீர்கள், ஒரு வழிகாட்டியுடன் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று கேட்டேன். தெளிவாகப் பதிலளித்த மையத்தையே தேர்ந்தெடுத்தேன். அவர்கள் முதலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சோதனை டைவ் வைத்து, ஒவ்வொருவரின் காற்றுச் செலவையும் பார்த்த பிறகே ஜோடி சேர்த்தார்கள்.

எதிர்பாராத ஒன்று: எனக்கு அமைந்த துணை ஒரு புகைப்படக்காரர். பாறை இடுக்கில் சிறு இறால் ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார். நானோ நீந்திக்கொண்டே இருப்பவன். ஆகவே அடுத்த டைவிலிருந்து, உருளையின் காற்றழுத்தம் 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) இறங்கியதும் திரும்புவது, 50 பார் மிச்சத்துடன் மேற்பரப்புக்கு வருவது, ஒருவரையொருவர் காணாவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் தேடிவிட்டு மெதுவாக மேலேறுவது என்று படகிலேயே பேசி முடிவு செய்துகொண்டோம். மூழ்குவதற்காக அணியும் எடைகளில் அவருடையவை ஜாக்கெட் பையிலும் என்னுடையவை இடுப்புப் பட்டையிலும் இருந்ததால், அவசரத்தில் இரண்டையும் கழற்றும் விதத்தை ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தே இறங்கினோம். முன்பின் அறியாதவருடன் இறங்கும்போது இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பல டைவ்களுக்குப் பின், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால், கடைசி நாளில் நீரில் இறங்கவில்லை.