கண்ணாடி இழைக்கு 200 நானோமீட்டர் அருகில் நிற்கும் அணு ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?

முதுகலை மாணவி (கேள்வி):
வணக்கம். ஒத்ததிர்வு அதிர்வெண்ணைவிட (அணு ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணைவிட) சற்றுக் குறைந்த அதிர்வெண் கொண்ட லேசர், செறிவு மிகுந்த இடத்தை நோக்கி அணுவை இழுக்கும் என்று படித்தேன். நானோ இழைக்கு (ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய கண்ணாடி இழைக்கு) வெளியே கசியும் ஒளி இழையின் பரப்பில்தான் மிகச் செறிவாக இருக்கிறது. அப்படியானால் அணு நேரே கண்ணாடியில் போய் மோத வேண்டுமே? மேலும், அறை வெப்பநிலையில் உள்ள கண்ணாடிக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அது எப்படிச் சூடேறாமல் இருக்கிறது?

ஒளியியல் ஆய்வாளர்:
ஒரே லேசர் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதனால்தான் 2010இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழுவினர் சுமார் 500 நானோமீட்டர் விட்டமுள்ள இழையில் இரண்டு நிறங்களைச் செலுத்தினார்கள். அவர்கள் பிடித்த சீசியம் அணு 852, 894 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஆகவே அதைவிட அதிர்வெண் குறைந்த 1064 நானோமீட்டர் ஒளி அதை இழுக்கிறது, அதிர்வெண் கூடிய 780 நானோமீட்டர் ஒளி தள்ளுகிறது. அலைநீளம் குறைந்த ஒளி இழையை ஒட்டியே வேகமாகத் தேய்ந்துவிடுவதால் அருகில் தள்ளுவிசையும், சற்றுத் தொலைவில் இழுவிசையும் ஓங்கி, இடையில் ஏறத்தாழ 0.4 மில்லிகெல்வின் ஆழமுள்ள ஆற்றல் பள்ளம் ஒன்று (ஆழத்தை வெப்பநிலை அலகில் சொல்வது வழக்கம்) உருவாகிறது. தள்ளும் ஒளிக்கு 25 மில்லிவாட், இரு முனைகளிலிருந்தும் வரும் இழுக்கும் ஒளிக்குத் திசைக்கு 2.2 மில்லிவாட் என்ற ஏற்றத்தாழ்வுக்கும் காரணம் உண்டு. கண்ணாடிப் பரப்பு அணுவைத் தன்பக்கம் இழுக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பின் நிலையாற்றல் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால், கண்ணாடியை மிகவும் நெருங்கினால் எந்த ஒளித்தடுப்பும் தோற்றுவிடும். அந்த எல்லைக்கு முன்பே அணுவை நிறுத்தியாக வேண்டும். 780ஐக் குறைத்தால் தடுப்பு சரிந்து, அணுக்கள் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பத்தைப் பற்றி: இடையில் வெற்றிடம் மட்டுமே இருக்கிறது. அறை வெப்பநிலைக் கதிர்வீச்சின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அருகில் அமைகிறது. அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) உள்ள சீசியம் அதை ஏறத்தாழக் கண்டுகொள்வதே இல்லை. உலோகப் பரப்பாக இருந்தால் கதை வேறு, அங்கே எலக்ட்ரான்களின் வெப்ப இரைச்சல் காந்தப்புலமாக வந்து அணுவின் தற்சுழற்சியைப் புரட்டிவிடும். கண்ணாடியில் பெரிய தொல்லை இழையின் அதிர்வுதான், ஏனென்றால் இழை ஆடினால் பள்ளமும் சேர்ந்து ஆடும்.

முதுகலை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. பள்ளத்தில் நிற்கும் அணுவை இழை நெடுகிலும் நகர்த்த முடியுமா?

ஆய்வகப் பணியாளர்:
முடியும். 1064 ஒளியை இரு முனைகளிலிருந்தும் செலுத்துவதால் நிலை அலை (முன்னேறாமல் ஓரிடத்திலேயே நிற்கும் அலை) உண்டாகி, பள்ளங்கள் மணிமாலை போல வரிசையாக அமைகின்றன. இரு கற்றைகளின் அதிர்வெண்களுக்கு இடையே சிறு வேறுபாடு வைத்தால் அந்த மாலையே நகரத் தொடங்கும். அதன் வேகம், அலைநீளத்தையும் வேறுபாட்டையும் பெருக்கியதில் பாதி. 100 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்கு இது வெற்றிடத்தில் நொடிக்கு 5.3 சென்டிமீட்டர், இழையில் அலைநீளம் சுருங்குவதால் கொஞ்சம் குறையும். 2001இல் ஜெர்மனியின் பான் நகரில் இம்முறையில் தனி அணுக்களைக் கடத்தினார்கள். 2013இல் வியன்னாவில் நானோ இழையிலேயே செய்து காட்டினார்கள். 780 ஒரு திசையில் மட்டும் ஓடுவதால் அதன் தடுப்பு இழை நெடுகச் சீராக இருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் வேறுபாட்டைச் சட்டென்று கொடுத்தால் அணு பள்ளத்தை விட்டு வழுக்கிவிடும். படிப்படியாக ஏற்றி, படிப்படியாகவே இறக்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஒன்று: இழையைச் சுடரில் இழுத்து முடித்ததும் அது கண்ணுக்கே தெரியாது, சிவப்பு ஒளியைச் செலுத்தினால்தான் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று மின்னினால் தூசி படிந்திருக்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் வெற்றிடக் கலத்துக்குள் வைத்து 780இன் முழுத் திறனையும் ஏற்றினேன். வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்று இல்லாததால் அந்த இடத்திலேயே இழை உருகி அறுந்தது, கலத்தைத் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.